மஸ்கி தூண்டிலுக்கு உயிர் சக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் பிறந்துவிட்டால் மேடிசனிலிருந்து வடக்கே ஹேவார்டு, ஈகிள் ரிவர் பக்கம் படகை இழுத்துக்கொண்டு போவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். என்னோடு படகில் ஏறும் நண்பர்களில் பெரும்பாலோர் ஊரில் குளத்திலும் கண்மாயிலும் விரால் பிடித்து வளர்ந்தவர்கள் என்பதால் தூண்டில் அவர்களுக்குப் புதிதில்லை. ஆனால் மஸ்கி என்ற பெரிய மீனைப் பிடிக்க, குழம்புக்கே போதுமான அளவில் இருக்கும் சக்கர் என்ற மீனை உயிரோடு இரையாக மாட்டுவதைப் பார்த்ததும், ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே சந்தேகங்களை அதே வரிசையில் கேட்கிறார்கள். அவற்றுக்குச் சொன்ன விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு உரியது. மாநில இயற்கை வளத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விதிமுறைக் கையேட்டை அந்தந்த ஏரிக்குப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மஸ்கி என்றால் என்ன மீன்? நம் ஊர் விரால் மாதிரியா?

பழக்கத்தில் கொஞ்சம் விரால், உருவத்தில் அறவே வேறு. மஸ்கலஞ்ச் என்பதன் சுருக்கமே மஸ்கி. வட அமெரிக்காவின் நன்னீரில் வாழும், வாத்தின் அலகைப் போல் தட்டையான நீண்ட வாயும், பின்னோக்கித் தள்ளி அமைந்த முதுகுத் துடுப்பும் கொண்ட வேட்டை மீன் அது. நாற்பது அங்குல மஸ்கி சாதாரணம். ஐம்பதைத் தொட்டால் அந்த ஆண்டு முழுவதும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். 1955 முதல் விஸ்கான்சினின் மாநில மீன் இதுதான். ஹேவார்டில் இருக்கும் நன்னீர் மீன்பிடி அருங்காட்சியகமே ஒரு பெரிய மஸ்கியின் வடிவில் கட்டப்பட்டிருக்கிறது. அதன் திறந்த வாய்க்குள் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் திரும்புவதில்லை.

விராலைப் போலவே இதுவும் களைகளின் ஓரத்திலும் விழுந்து கிடக்கும் மரங்களின் அருகிலும் அசையாமல் நின்று, இரை நெருங்கியதும் பாயும். இந்த ஒற்றுமையை நம்பி விராலுக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்யப் போவதுதான் தொல்லையின் தொடக்கம். அதைக் கீழே ஒற்றை முள் பற்றிய கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

செயற்கை இரை போதாதா? எதற்காக உயிர் மீன்?

கோடையில் செயற்கை இரையே போதும். அப்போது அதுதான் சரியும்கூட. இலையுதிர் காலத்தில் நீரின் வெப்பம் 60 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கியதும் மஸ்கி பெரிய இரையைத் தேடத் தொடங்கும், ஆனால் அதைத் துரத்தும் ஆர்வம் குறையும். வீசிய செயற்கை இரையின் பின்னால் படகு வரை வந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு மூழ்கிவிடும் மீன்கள் அந்த நாட்களில் ஏராளம். அப்படிப் பின்தொடர்ந்து வந்த மீனின் கண் எதிரே, படகுக்குப் பக்கத்தில் உயிருள்ள ஒரு சக்கர் துடித்துக்கொண்டிருந்தால் அது மனம் மாறிக் கவ்வும். அதனால்தான் இங்கே பெரும்பாலோர் ஒரு கழியில் சக்கரைத் தொங்கவிட்டுக்கொண்டே மற்றொரு கழியால் வீசிக்கொண்டிருப்பார்கள்.

சக்கர் என்றால் எது? எந்த அளவில் வாங்குவது?

வெள்ளைச் சக்கர் என்பது ஏரி, ஆறுகளின் அடித்தளத்தில் மேயும் மீன். கீழ்நோக்கிய தடித்த உதடுகளைப் பார்த்தால் நம் ஊர் சேல் கெண்டையின் ஞாபகம் வரும். அக்டோபரில் வடக்கே உள்ள இரைக் கடைகளில் பெரிய தொட்டிகளில் அளவுவாரியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மஸ்கிக்கு 12 முதல் 15 அங்குலம் வரை உள்ளவை பொருத்தமானவை. பெரிய மீன் வேண்டுமென்று 18 அங்குல சக்கரைக் கேட்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில் அவ்வளவு பெரியதை மாட்டுவதும் கடினம், சுண்டும்போது முள் மஸ்கியின் வாயில் பதிவதும் கடினம்.

கடைக்காரர் வலையால் அள்ளும்போது தொட்டியைக் கவனியுங்கள். அடியில் தலையை ஒரே பக்கம் வைத்துக் கூட்டமாக நிற்பவை நலமானவை. மேலே வந்து வாயைத் திறந்து மூடுபவை, துடுப்பின் ஓரத்திலோ வயிற்றிலோ சிவந்த கோடு ஓடியவை, செதில் உதிர்ந்த திட்டு உள்ளவை ஆகியவற்றை வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். ரசீதையும் பத்திரமாக வையுங்கள். அது எதற்கு என்பது மீந்த மீன்களைப் பற்றிய கேள்வியில் வரும்.

கடையிலிருந்து ஏரி வரை எப்படிச் சாகாமல் கொண்டுபோவது?

தூரம் குறைவென்றால், கடையில் ஆக்சிஜன் நிரப்பிக் கட்டித்தரும் பையே போதும். அரை நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டுமென்றால் பெரிய ஐஸ் பெட்டியும், மின்கலத்தில் ஓடும் காற்றூட்டியும் தேவை. வெயிலில் சூடேறாமல் காப்பது ஐஸ் பெட்டியின் வேலை. மூச்சுக்குக் காற்று தருவது காற்றூட்டியின் வேலை. ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் பயனில்லை. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரைந்திருக்கும், மீனும் மெதுவாகவே மூச்சு விடும் என்பதால் நீரைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதே பாதி வெற்றி.

நெருக்கிப் போடாதீர்கள். நான்கு சக்கர் வசதியாக நிற்கும் பெட்டியில் பத்தைத் திணித்தால், அவற்றின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவே எல்லாவற்றையும் கொன்றுவிடும். நீரின் மேல் சோப்பு நுரை போல வெண்மையாகத் திரண்டு, கையால் விலக்கினாலும் மறுபடி கூடிக்கொண்டால், பாதி நீரையாவது உடனே மாற்ற வேண்டும். சக்கருக்குத் தீனி போடக் கூடாது. தின்றால் கழிவு கூடும், பட்டினியால் இரண்டு நாளில் எந்தச் சக்கரும் சாவதில்லை.

வீட்டில் ஓர் இரவு வைக்கலாமா? குழாய்த் தண்ணீர் பரவாயில்லையா?

வைக்கலாம். ஆனால் நகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். அது செவுளை அரித்துவிடும். மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கும் திரவத்தை அளவு பார்த்துக் கலந்த பிறகே மீனை விட வேண்டும். கிணற்று நீரில் குளோரின் இருக்காது. ஆனால் நிலத்தடியிலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் என்பதால் காற்றூட்டியைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். ஐஸ் கட்டியை நேராக நீருக்குள் கொட்டினால் அதிலுள்ள குளோரினும் கூடவே கரையும். மூடியுள்ள புட்டியில் நீரை உறைய வைத்து மிதக்கவிடுவது நல்ல வழி.

இடம் என்று கேட்டால், சூடேற்றாத கார் கொட்டகையே சிறந்தது. சக்கர் இரவில் துள்ளும். மூடியின் மேல் கனமாக எதையாவது வைக்காமல் படுக்கப் போன ஒரு நண்பர் காலையில் தரையில் கண்டெடுத்தது மூன்று விறைத்த மீன்களை.

ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்கு மாற்றும்போது ஏன் மீன் மல்லாந்துவிடுகிறது?

வெப்பநிலை திடீரென்று மாறுவதால்தான். கொட்டகையில் 60 டிகிரியில் இருந்த மீனை 45 டிகிரி ஏரி நீரில் சட்டென்று இறக்கினால் அது அதிர்ச்சியில் திணறும். மாட்டியவுடன் பலமில்லாமல் பக்கவாட்டில் சாயும் சக்கர் பெரும்பாலும் இப்படிக் கெட்டதே. கட்டிய பையாக இருந்தால் அப்படியே ஏரி நீரில் அரை மணி நேரம் மிதக்கவிடுங்கள். பெட்டியாக இருந்தால், முந்திய இரவே உறைந்த புட்டிகளைப் போட்டுப் பெட்டியின் நீரை ஏரியின் வெப்பத்துக்கு அருகில் கொண்டுவந்துவிடுவது என் வழக்கம்.

ஏரி நீரைக் குவளை குவளையாகப் பெட்டியில் ஊற்றிப் பழக்கலாமே என்று கேட்பார்கள். மீனுக்கு அது நல்லதுதான். ஆனால் ஏரி நீர் கலந்த பெட்டியின் மீனை வேறு ஏரிக்குக் கொண்டுபோகச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதை ஊற்றுவதற்கு முன்பே நினைத்துப் பாருங்கள்.

சக்கர் கையிலிருந்து வழுக்கிக்கொண்டே போகிறது. துணியால் பிடிக்கலாமா?

உலர்ந்த துணி வேண்டாம். மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பு அதன் தோலுக்குக் காவல். துணியால் துடைத்தெடுத்தால் சில மணி நேரத்திலேயே தளர்ந்துவிடும். கையை முதலில் நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் தலைக்குப் பின்னால், செவுள் மூடிகளை அழுத்தாமல் சுற்றிப் பிடித்து, மறு கையால் வாலடியைத் தாங்குங்கள். இறுக்கினால் அது இன்னும் துள்ளும்; கண்ணை மறைப்பது போல் உள்ளங்கையால் தலையை மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ரப்பர் பூச்சுள்ள சிறு வலையில் வைத்தபடியே, உடலின் பாதி நீருக்குள் இருக்கும்படி முள்ளைப் பொருத்துவது உங்களுக்கும் மீனுக்கும் எளிது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாத கையுறை அணியுங்கள். மீனும் மீன் தொட்டி நீரும் பட்ட காயம் சீக்கிரம் சீழ் பிடிக்கும்.

ஊரில் விராலுக்குச் செய்வதுபோல ஒற்றை முள்ளை மாட்டி, விழுங்கும் வரை பொறுத்திருந்து இழுத்தால் என்ன?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் தலையானது. தக்கை மூழ்கியதும் பதறாதே, நரம்பை விட்டுக்கொடு, நன்றாக விழுங்கட்டும் என்றுதான் நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பிடித்த விரால் சட்டிக்குப் போகிறது என்பதால் முள் எங்கே பதிந்தது என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. மஸ்கியோ திரும்ப நீரில் விடப்படும் மீன். விஸ்கான்சின் வழிகாட்டிகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் செய்தார்கள்: சக்கரின் மூக்கில் பெரிய ஒற்றை முள், மீன் கவ்வியதும் ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம் காத்திருப்பு, பிறகு ஓர் இழுப்பு. முள் இரைப்பையில் பதியும். நரம்பை வெட்டிவிட்டால் மீன் நன்றாகவே நீந்திப் போகும்; பிடித்தவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

அந்த மீன்கள் பிறகு என்ன ஆகின்றன என்று விஸ்கான்சினில் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒற்றை முள்ளை விழுங்கிய மஸ்கிகளில் ஒரு பகுதி சில நாட்களிலேயே இறந்தது. ஓராண்டுக்குள் பெரும்பாலானவை இறந்துவிட்டன. கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அந்தச் சாவு தெரிவதில்லை என்பதால்தான் இந்தப் பழக்கம் அவ்வளவு காலம் நீடித்தது.

இப்போது சட்டமே வழிமுறையைச் சொல்கிறது. எட்டு அங்குலமோ அதற்கு மேலோ நீளமுள்ள இரை மீனைப் பயன்படுத்தினால், குயிக் ஸ்ட்ரைக் ரிக் அல்லது பக்கவாட்டில் வளையாத வட்ட முள் ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும். ரிக் என்றால், மீன் கவ்வியது தெரிந்தவுடன் சுண்ட முயல வேண்டும். மஸ்கிக்கான சக்கர் எல்லாமே எட்டு அங்குலத்துக்கு மேற்பட்டவை என்பதால் இதில் விதிவிலக்குத் தேட இடமில்லை.

குயிக் ஸ்ட்ரைக் ரிக் என்பதில் என்னென்ன இருக்கும்?

மூன்று கூர்கள் கொண்ட ட்ரெபிள் முள் இரண்டு, இரையின் மூக்கில் மாட்டுவதற்கு ஒரு சிறிய ஒற்றை முள் அல்லது கொளுவி, இவற்றை இணைக்கும் கம்பி லீடர், மேல் முனையில் முறுக்கு ஏறாமல் சுழலும் சுவிவல். அவ்வளவுதான். மஸ்கியின் பல் நைலான் நரம்பைக் கத்தரிப்பது போல் வெட்டிவிடும் என்பதால் பல இழைக் கம்பியோ 100 பவுண்டுக்கு மேல் தாங்கும் தடித்த ஃப்ளூரோகார்பனோ வேண்டும். முதன்மை நரம்பு 80 முதல் 100 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பாக இருக்கட்டும். ட்ரெபிள் 1/0 அளவில், எளிதில் வெட்டக்கூடிய தடிமனில் இருந்தால் நல்லது. ஏன் என்பது மீன் படகருகே வரும்போது தெரியும். கூரின் பின்பக்கமுள்ள சிறு எதிர்முள்ளைக் குறட்டால் தட்டையாக்கிவிடுவது என் பழக்கம். அதனால் நழுவிப் போன மீன் என்று சொல்ல எனக்கு ஒன்றும் நினைவில்லை.

ரிக்கை மீனில் எப்படிப் பொருத்துவது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

மீனைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் பரப்பிவையுங்கள்: ரிக், இரை ஊசி, இரண்டு சிறிய ரப்பர் வளையங்கள், கத்தரி. ரீலின் நரம்பைத் தளர்த்தி, நரம்பு ஓடினால் ஒலி எழுப்பும் கிளிக்கரைப் போட்டுவையுங்கள். கழியை யாரோ தட்டிவிட, இறுகிய நரம்பு ட்ரெபிளை இழுத்து விரலில் ஏற்றுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் விபத்து.

இரை ஊசி கொக்கி முனை கொண்ட மெல்லிய ஊசி. பூத்தொடுக்கும் ஊசியைவிடச் சற்றே தடிமன். மீனை மேலே சொன்னபடி நனைந்த கையில் பிடித்து, முதுகுத் துடுப்பின் அடியில், தசைக்குள் இறங்காமல் தோலை மட்டும் ஒட்டினாற்போல ஊசியை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் செலுத்துங்கள். ஊசியின் கொக்கியில் ரப்பர் வளையத்தை மாட்டிப் பின்னுக்கு இழுத்தால் இரு பக்கமும் சிறு காதுகள் போல வளையம் நிற்கும். அந்தக் காதுகளுக்குள் பின் ட்ரெபிளின் ஒரு கூரை நுழையுங்கள். முன் ட்ரெபிளுக்கு மார்புத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால், மறு பக்கத்தில், ஒரு கூரை மட்டும் தோலுக்கடியில் மேலோட்டமாக ஏற்றினால் போதும். மற்ற இரண்டு கூர்களும் வெளியே திறந்தபடி இருக்க வேண்டும். கடைசியாக ஒற்றை முள்ளை மூக்குத் துளைகளின் வழியே குறுக்காகக் கோத்துவிடுங்கள்.

பொருத்திய பின் லீடரை மூக்கிலிருந்து மெல்ல இழுத்துப் பாருங்கள். இழுவை முழுவதும் மூக்கு முள்ளில் விழ வேண்டும். ட்ரெபிள்களுக்குப் போகும் கம்பியில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். தளர்வு இல்லையென்றால் படகு நகரும்போது சக்கர் பக்கவாட்டில் இழுபடும். பத்து நிமிடத்தில் தோல் கிழியும். சரியாக அமைந்தால் அது நாய்க்குட்டி போலப் படகின் கூடவே நீந்தி வரும். சுண்டும்போது ரப்பர் அறுந்து, தோலில் மேலோட்டமாக நின்ற கூரும் கழன்று, முள் மஸ்கியின் வாய்க்குப் போகிறது. இந்த ரிக்கின் சூட்சுமம் முழுவதும் அந்த எளிதான கழற்சியில்தான் இருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று முள்ளைத் தசையில் ஆழமாக ஏற்றுபவர்கள் மீனை இழப்பது அதனால்தான்.

வட்ட முள் இன்னும் எளிது இல்லையா?

மாட்டுவது எளிது, ஒரே முள். அதைச் சுண்டக் கூடாது. நரம்பை இறுக்கிச் சீராகச் சுற்றினால் வாயோரத்தில் தானாகவே பதியும். ஆனால் மஸ்கி சக்கரைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு நிற்கையில், மூக்கில் இருக்கும் ஒற்றை முள் அதன் வாய்க்கு வெளியே இருக்கும் வாய்ப்பு அதிகம். நான் ரிக்கையே விரும்புகிறேன்.

எவ்வளவு ஆழத்தில் விடுவது? மிதவை வேண்டுமா?

களை விளிம்பிலும் பாறைத் திட்டின் ஓரத்திலும் நீரின் ஆழத்தில் பாதி முதல் முக்கால் வரை இறக்குங்கள். மஸ்கி தனக்கு மேலே உள்ளதைத்தான் நன்றாகப் பார்க்கும். அடியில் ஒட்டிக் கிடக்கும் சக்கர் அதன் கண்ணில் படாமல் போகலாம், மேலும் சக்கர் களைக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். லீடருக்கு மேலே ஒன்று முதல் இரண்டு அவுன்ஸ் ஈயம் போதும்.

படகுக்கு நேர் கீழே விடும் சக்கருக்கு மிதவை வேண்டாம், கழி நுனியே சொல்லிவிடும். படகுக்குப் பின்னால் தள்ளி விடுவதற்குப் பெரிய வழுக்கு மிதவை உதவும். விஸ்கான்சினில் ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று முள், இரை அல்லது செயற்கை இரைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. புதியவர்கள் ஒரே ஒரு சக்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிளிக்கர் கத்துகிறது. இப்போது என்ன செய்வது?

முதலில் அது சக்கரா, மஸ்கியா என்று பாருங்கள். மஸ்கி பக்கத்தில் வந்துவிட்டால் சக்கர் பதறி ஓடும்; கழி நுனி படபடவென்று துடிக்கும், கிளிக்கர் விட்டு விட்டு இரண்டு மூன்று தடவை சொடுக்கும். கவ்வியதும் அந்தத் துடிப்பு நின்று, நரம்பு ஒரே திசையில் சீராகப் போகத் தொடங்கும். அந்த இரண்டு ஒலிகளின் வேறுபாட்டை ஒருமுறை கேட்டுவிட்டால் மறக்காது.

கவ்வியது உறுதியானதும் மற்றக் கழிகளை மேலே எடுக்கச் சொல்லிவிட்டு, கழியைத் தாங்கியிலிருந்து எடுத்து, கிளிக்கரை அணைத்து, கட்டைவிரலை நரம்புச் சுருளின் மேல் வையுங்கள். மின் மோட்டாரால் படகை மீனை நோக்கிச் செலுத்தியபடியே தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுங்கள். நரம்பு குறுகி, மீனின் கனம் கையில் தெரிந்ததும், அது போகும் திசைக்கு எதிர்த்திசையில் கழியைத் தாழ்வாக வைத்து முழு பலத்தோடு சுண்டுங்கள். இவை எல்லாம் ஒரே தொடர்ச்சியாக நடக்க வேண்டும். எண்ணிக்கை போட்டுக் காத்திருக்கும் பேச்சுக்கு இடமில்லை. ரீலின் தடையை முன்பே இறுக்கி வைத்திருங்கள். இல்லையென்றால் சுண்டிய பலம் எல்லாம் நரம்பு வழுக்குவதிலேயே போய்விடும்.

சுண்டினேன், வெறும் சக்கர்தான் வந்தது. என்ன தவறு?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். நரம்பில் தளர்வு இருந்திருக்கும். அல்லது மீன் உங்களை நோக்கி நின்றபோது சுண்டியதால் இரை அதன் திறந்த வாயிலிருந்து அப்படியே உருவப்பட்டிருக்கும். அல்லது முள் ஆழமாக ஏற்றப்பட்டதால் சக்கரிலிருந்து கழன்றிருக்காது. திரும்பி வந்த சக்கரில் ட்ரெபிள் இன்னும் பொருத்தியபடியே இருந்தால் மூன்றாவதுதான்.

மஸ்கி வலைக்குள் வந்துவிட்டது. முள்ளை எப்படி எடுப்பது?

வலையை நீருக்குள்ளேயே வைத்திருங்கள். மீன் அதற்குள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கட்டும். ஆழமான, ரப்பர் பூச்சுள்ள வலை இதற்காகவே விற்கிறது. நீண்ட மூக்குக் குறடால் முள்ளைத் திருப்பி எடுங்கள். இரண்டு ட்ரெபிள், ஆறு கூர். அவற்றில் ஒன்று மீனிலும் மற்றொன்று வலையிலும் சிக்கியிருக்கும் நிலையில் மீன் ஒருமுறை துள்ளினால் அடுத்தது உங்கள் கையில். அதனால் அரை நிமிடத்தில் எடுபடாத முள்ளைப் போராடி எடுக்காமல், முள்வெட்டியால் தண்டையே நறுக்கிவிடுங்கள். எளிதில் வெட்டக்கூடிய முள்ளை வாங்கச் சொன்னது இதற்காக. ஒரு ட்ரெபிளின் விலையைப் பார்த்து வெட்டத் தயங்குபவர் இந்த மீன்பிடிக்கு வராமலிருப்பது மேல்.

படம் எடுக்க வேண்டுமென்றால் எல்லோரும் தயாரான பிறகு மட்டும் தூக்குங்கள். ஒரு கை செவுள் மூடியின் உள்விளிம்பில், சிவந்த செவுளைத் தொடாமல், மறு கை வயிற்றின் கீழே, மீன் படுக்கைவாட்டில். தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதன் எடையே அதன் முதுகெலும்பையும் உள்ளுறுப்புகளையும் வருத்தும். நவம்பரில் காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும் நாளில் படமே வேண்டாம். ஈரமான செவுளும் கண்ணும் சில நொடிகளில் உறையத் தொடங்கும். விடும்போது வாலடியைப் பிடித்து நிமிர்ந்த நிலையில் வைத்திருங்கள். கையை உதறிவிட்டுப் போகும்போது போகட்டும்.

உடனே சுண்டியும் முள் தொண்டைக்குள் போய்விட்டால்?

அரிதாக நடக்கும். செவுள் மூடியை மெல்லத் திறந்து, அந்த வழியாக முள்வெட்டியை நுழைத்து ட்ரெபிளைத் துண்டு துண்டாக வெட்டி எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் லீடரை எவ்வளவு உள்ளே முடியுமோ அவ்வளவு உள்ளே வெட்டி விட்டுவிடுங்கள். பிடுங்கினால் அப்போதே சாகும்.

முள் என் விரலில் ஏறிவிட்டால்?

முதலில் உங்களையும் மீனையும் பிரியுங்கள்: முள்ளின் தண்டை வெட்டி, துள்ளும் மீனிடமிருந்து கையை விடுவிப்பதே முதல் வேலை. அதன்பின் மற்றக் கூர்களையும் வெட்டிவிடுங்கள். எதிர்முள் தட்டையாக இருந்தால் வந்த வழியே உருவிவிடும். இல்லையென்றால், தடித்த நரம்பை முள்ளின் வளைவில் சுற்றி, தண்டின் தலையைத் தோலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோலுக்கு இணையாக வெடுக்கென்று ஒரே இழுப்பில் எடுக்கும் முறை உண்டு. சதைப்பற்றுள்ள இடத்துக்கு மட்டுமே அது சரி. கண்ணருகே, மூட்டில், தசைநார் ஓடும் இடத்தில் ஏறியிருந்தால் அசையாமல் கட்டி மருத்துவமனைக்குப் போங்கள். எப்படி எடுத்தாலும் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதோடு சேர்த்து இன்னொன்று: 45 டிகிரி நீரில் விழுந்தவருக்குச் சில நிமிடங்களிலேயே கைவிரல்கள் மடங்காமல் போகும். உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருப்பதில் பயனில்லை, போட்டிருக்க வேண்டும்.

மீந்த சக்கரை ஏரியிலேயே விட்டுவிடலாமே? பாவம், உயிரோடுதானே இருக்கிறது?

விடக் கூடாது, சட்டவிரோதம். விஎச்எஸ் என்ற மீன் நோய்க்கிருமி 2007-இல் வின்னிபேகோ ஏரியிலும் மிச்சிகன் ஏரியிலும் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்கு அதனால் தீங்கில்லை. மஸ்கி உட்படப் பல மீன்களுக்கு உடலெங்கும் இரத்தம் கசிந்து சாவு. நலமாகத் தோன்றும் மீனும் அதைச் சுமந்து போகலாம் என்பதால்தான் ஓர் ஏரியின் நீரும் மீனும் மற்றொன்றில் கலக்காதபடி விதிகள் வந்தன.

மாநிலத்தில் உரிமம் பெற்ற கடையில் வாங்கி, பயன்படுத்தாமல் மீந்த சக்கரை அதே ஏரியில் மறுநாள் பயன்படுத்தலாம். ஏரி நீரோ வேறு மீனோ சேராத பெட்டியில் இருந்தவற்றை மட்டும் வேறு ஏரியிலும் பயன்படுத்தலாம். ரசீதை வைத்துக்கொள்ளச் சொன்னது கேட்கும் அதிகாரிக்குக் காட்டுவதற்காக. இரை மீனுக்காக இரண்டு கேலன் வரை நீரைக் கொண்டுபோகலாம். படகின் மற்ற நீர் எல்லாவற்றையும் கரையிலேயே வடித்துவிட வேண்டும். வேண்டாதவை குப்பைக்கு.

பிடித்த மஸ்கியைச் சமைக்கலாமா?

பெரும்பாலான நீர்நிலைகளில் 40 அங்குலத்துக்கு மேற்பட்டதை, நாளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது; சில ஏரிகளில் 50 அங்குலம். இங்கே யாரும் வைத்துக்கொள்வதில்லை. பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்வதால், கருவுறும் வயதுப் பெண்களும் சிறுவர்களும் மஸ்கியை உண்ணவே வேண்டாம், மற்றவர்கள் மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்று மாநிலத்தின் அறிவுரை இருக்கிறது. குழம்புக்கு வால்ஐ என்ற மீனைப் பிடியுங்கள்.

மஸ்கி கடித்துவிட்டுப் போன சக்கரை மறுபடி போடலாமா, புதியதை மாட்ட வேண்டுமா?

அதையே, உடனே. மஸ்கி இரையை நழுவவிட்டால் பெரும்பாலும் தூரம் போய்விடுவதில்லை, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். புதிய சக்கரைப் பிடித்து ஊசி கோத்து முடிப்பதற்குள் அந்த வாய்ப்புப் போய்விடும். ட்ரெபிள்கள் இடம் மாறியிருந்தால் மட்டும் சரிசெய்து, அதே ஆழத்துக்கு இறக்குங்கள்.

சென்ற அக்டோபரில் சிப்பெவா ஃப்ளோவேஜ் என்ற நீர்த்தேக்கத்தில் நண்பர் ஒருவர் சுண்டியதில் சக்கர் மட்டும் மேலே வந்தது. இரு விலாவிலும் சீப்பால் இழுத்தாற்போல இணை இணையாகக் கீறல்கள், ஒரு பக்கம் செதிலே இல்லை. பின் ட்ரெபிள் ரப்பரில் அப்படியே இருந்தது. முன் ட்ரெபிளை அவர் தசை வரை ஏற்றியிருந்தார். அதைப் பிடுங்கித் தோலில் மட்டும் நிற்கும்படி நான் மாற்றிக் கொடுத்தேன். சக்கரின் செவுள் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அடியில் இறக்கி, அவர் கழியைத் தாங்கியில் வைப்பதற்குள் கிளிக்கர் மறுபடி ஓடியது. இந்த முறை 43 அங்குலம், முள் வாயோரத்தில்.